காப்புக் கட்டிய ஊர்

கூத்தலூரணி
26.9.2001, புதன்

தம்பி முனியராஜுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். உன்னிடம் அப்படிக் கேட்க இன்று கை வரவில்லை. ஆடி மாதம் உங்கள் பட்டாசு ஆபீஸில் பதினோராம் அறை வெடித்தது. அதற்குப் பிறகு நாம் இருவரும் பேசவில்லை. அந்த அறையில் ஏழு பேர் இருந்தார்கள். விசாரிக்க வந்தவர்களிடம் போர்மேனாகிய நீ நாலு பேர் என்று சொன்னாய். ஓர் அறைக்கு நாலு பேர் என்பதுதானே சட்டம். செத்துப்போன நால்வர் மட்டும் உள்ளே இருந்ததாகவும், வெந்துபோன மூவர் வேலிக்கு வெளியே நின்றவர்கள் என்றும் ஆகிவிட்டது. இப்போது அதற்காகச் சண்டை போட வரவில்லை. வேறு விஷயம்.

நேற்று ஊரில் அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள். ஆண், பெண் எல்லார் கையிலும் மஞ்சள் கயிறு. ஊருக்குள் வரும் பாதைகளில் வேப்பிலைக் கயிறு கட்டியிருக்கிறது. மற்ற வருடங்களில் ராத்திரி மட்டும் வெளியூரில் தங்கக் கூடாது என்பார்கள். இந்த வருடம் பூசாரி ஊர்க்காவலன் பகலிலும் எல்லை தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டான். உங்கள் ஆபீஸில் வெடிமருந்து கலக்கிற அதே ஊர்க்காவலன்தான். பொங்கல் எந்தத் தேதி என்று அம்மனிடம் பூப் போட்டுக் கேட்டார்கள். பூ விழவில்லை. அதனால் தேதியும் இல்லை. "எப்போதப்பா விழும்?" என்று கேட்டேன். "ஒரு அறைக்கு நாலு பேருன்னு ஆபீஸ்ல எளுதி மாட்டட்டும் டீச்சர், பூ தானா விளும்" என்றான்.

உனக்குப் புரிந்திருக்கும்.

விருதுநகரிலிருந்து சங்கத்துக்காரர் சண்முகவேல் வந்து பஸ் நிறுத்தத்தில் கூட்டம் போட்டாரே, நினைவிருக்கிறதா? ஒருவரும் போகவில்லை. அவர் வெறும் ரோட்டைப் பார்த்துப் பேசிவிட்டுப் போனார். பெஞ்சு கொடுத்த டீக்கடைக்காரருக்கு மறுநாள் வசவு கிடைத்தது. வகுப்பில் ஒரு கணக்கைப் போட்டால் விடை தெரிந்த பிள்ளைகள் பலர் இருப்பார்கள். ஆனால் முதல் கை உயரும்வரை ஒரு கையும் உயராது. நம் ஊரும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தது. பதினோராம் அறையில் செத்த இருளம்மாளின் அக்கா மூக்கம்மாள்தான் ஒருநாள் என் வீட்டில் சிரித்துக்கொண்டே கேட்டாள்: "சங்கம்னாத்தான டீச்சர் ஆபீஸ் வேன்ல ஏத்த மாட்டாக? சாமின்னா என்ன செய்வாக?"

நானும் கட்டிக்கொண்டேன். எனக்கு நம்பிக்கை உண்டா என்று கேட்காதே. கையைப் பார்க்கும்போதெல்லாம் பயமாக இருக்கிறது.

நீ முதலாளியிடம் பக்குவமாகச் சொல். ஓர் அறைக்கு நாலு பேர், அவ்வளவுதான். கடைப் போனில் இதைப் பேச முடியாது, அங்கே காதுகள் அதிகம். கடிதத்தைக் கொண்டுவரும் தபால்காரர் வெள்ளைத்துரையிடம், கூப்பிடு தூரம்தானே, சும்மா கொடுத்துவிடேன் என்றேன். "தபால்தலை ஒட்டினாத்தான் தபால், டீச்சரம்மா. ஒட்டலைன்னா தூது. தூது போனா என் வேலை போயிரும்" என்கிறார்.

அக்கா
பொன்மணி


பட்டாசு ஆபீஸ் குடியிருப்பு
27.9.2001

அக்கா,

கடிதத்தை வெள்ளைத்துரை கேட்டில் வைத்துக் கொடுத்தார். வாட்ச்மேன் பார்த்தான். இனி நான் டீ குடிக்க வரும்போது கொடுக்கச் சொல்.

நீ வகுப்பறைக் கதையெல்லாம் எழுதியிருக்கிறாய். இங்கே நடந்ததை நான் சொல்கிறேன். செவ்வாய் காலையில் நம் ஊருக்குப் போன வேன்கள் காலியாகத் திரும்பின. முதலாளி நேராக என்னிடம் வந்தார். "ஏலே முனியராஜ், எங்கலே ஆளு?" என்றார். "காப்புக் கட்டியிருக்காக முதலாளி" என்றேன். உடனே செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: "எந்த அம்மன்லே தீபாவளி சீசன்ல காப்புக் கேக்கும்?"

நேற்றும் ஒருவரும் வரவில்லை. இன்று என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். இத்தனை வருடத்தில் அவர் என்னை உட்காரச் சொன்னதில்லை. "ஒங்கக்கா டீச்சரம்மா நல்லா இருக்காகளா? தனியாத்தான இருக்காக?" என்று கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை.

பேச்சியை என் மாமியார் வீட்டுக்கு, மல்லாங்கிணற்றுக்கு, அனுப்பிவிட்டேன். நீயும் இன்றே புறப்பட்டு அங்கே போ. காப்பை அவிழ்த்து ஒரு வேப்பமரத்தில் கட்டிவிட்டுப் போ. அம்மன் கோபித்துக்கொள்ளாது. இவர்கள் கோபம்தான் எனக்குத் தெரியும்.

நாலு பேர் என்று நான் சொன்னதைக் குத்திக் காட்டியிருக்கிறாய். நம் அப்பாவுக்கு இரண்டு பிள்ளைகளையும் படிக்கவைக்கக் கூலி போதவில்லை. ஒன்று தீப்பெட்டி ஆபீஸுக்குப் போக வேண்டும், ஒன்று பள்ளிக்கூடம் போகலாம். நான் போனேன். உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் மாதாமாதம் பென்சன் வருகிறவர்களுக்கு ஏழு என்று சொல்வது சுலபம்.

போய்விடு அக்கா.

முனியராஜ்


கூத்தலூரணி
28.9.2001

தம்பி,

நீ எழுதியது உண்மைதான். அந்தக் கடைசி வரிகளை மடித்து வைத்துவிட்டேன். இப்போது பதில் எழுதினால் பொய்யாக எழுதுவேன்.

மல்லாங்கிணற்றுக்கு என்னால் போக முடியாது. ஏன் என்று ஒரு உதாரணம் சொல்கிறேன், கோபிக்காதே. பிள்ளைகள் கைகோத்து வட்டமாக நின்று விளையாடுவார்கள். வட்டத்தில் யார் கை முக்கியம் என்று கேட்டால் எந்தக் கையும் இல்லை. எந்தக் கை விட்டாலும் வட்டம் போய்விடும். நான் கயிற்றைத் தாண்டினால் நாளைக் காலை எல்லாரும் தாண்டலாம் என்று ஆகிவிடும். டீச்சரம்மாவே போய்விட்டாளே என்பார்கள். ஓர் அறையில் ஏழு பேர், எட்டுப் பேர் என்று மறுபடி உட்காருவார்கள்.

பயம் இல்லை என்று நினைக்காதே. நேற்று ஒரு மோட்டார் சைக்கிளில் இருவர் வந்து என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமல், வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பட்டப்பகல். நான் கதவைச் சாத்திவிட்டு, சாத்தியதற்காக வெட்கப்பட்டு, மறுபடி திறந்தேன். அதற்குள் போய்விட்டார்கள்.

இன்று காலையில் போலீஸ் ஜீப் வந்தது. வேப்பிலைக் கயிற்றின் முன்னால் நின்றுவிட்டது. சப் இன்ஸ்பெக்டர் இறங்கினார். கூட வந்த ஏட்டு ஷூவைக் கழற்றுவதா வேண்டாமா என்று தவித்துக்கொண்டு நின்றார்.

"என்ன, ஸ்டிரைக்கா பண்றீங்க?"

"அப்படின்னா என்னய்யா? நாங்க சாமி கும்புடுதோம்" என்றாள் மூக்கம்மாள்.

"எத்தனை நாளைக்குக் கும்பிடுவீங்க?"

"அது அம்மனுக்குத்தான் தெரியும். உள்ள வாங்க, கூளு குடிச்சிட்டுப் போங்க. ஆனா ஒரு சங்கதி. வந்து ஒரு பொளுது தங்குனீகன்னா பொங்கல் முடியமுட்டும் நீங்களும் போகக் கூடாது. ஒங்க வீட்டம்மா தேடுவாக."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். ஏட்டும் சிரித்தார். சப் இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. என்னை மட்டும் தனியாகப் பார்த்து, "படிச்சவங்க நீங்க, யோசிங்க" என்றார். அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

நேற்றைய மழையில் உன் குடியிருப்பு ஒழுகியதா? உன் கையெழுத்து கோணலாக இருக்கிறது. உடம்புக்கு ஏதும் இல்லையே?

பொன்மணி


பட்டாசு ஆபீஸ்
29.9.2001, காலை

அக்கா,

இதைப் படித்தவுடன் ஊர்க்காவலனைக் கூப்பிட்டுக் காட்டு. அவனுக்கு உன்னைவிடச் சீக்கிரம் புரியும்.

அன்றன்று கலந்த மருந்தை அன்றன்றே தீர்க்க வேண்டும். மிச்சத்தைச் சாயங்காலம் அழித்துவிட வேண்டும். சீசனில் யார் அதைச் செய்கிறார்கள்? செவ்வாய்க்கிழமை வேலைக்கு என்று திங்கட்கிழமையே கலந்து அறைகளில் வைத்தோம். செவ்வாய் ஒருவரும் வரவில்லை. மருந்து அப்படியே இருக்கிறது. வியாழன் பெய்த மழையில் பதினாலாம் அறையின் கூரை ஒழுகியிருக்கிறது. நிறையத் தண்ணீரில் மூழ்கடித்தால் மருந்து அடங்கும். கொஞ்சம் ஈரம் பட்டால் உள்ளேயே புழுங்கிச் சூடேறும். நேற்று ஒரு டப்பாவைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றி மாதிரி இருந்தது. கையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். எப்படி வந்தேன் என்று தெரியவில்லை.

முதலாளியிடம் அழித்துவிடலாம் என்றேன். "அம்புட்டும் சரக்குலே, கொட்டவா சொல்லுதே?" என்றார். திங்கட்கிழமை ஆலங்குளம் பக்கத்திலிருந்து வேனில் புது ஆட்களைக் கொண்டுவருகிறார். இந்த மருந்தை வைத்துத்தான் அவர்கள் வேலை செய்ய வேண்டுமாம். பட்டாசு வேலையே பார்த்திராத பொம்பளைகள், அக்கா. எந்த அறைக்குள் போகிறோம் என்றுகூட அவர்களுக்குத் தெரியாது.

நான் ஒருவனாக இதைச் செய்ய முடியாது. டப்பாவை இரண்டு பேர் தூக்க வேண்டும். தனியாக இழுத்தால் தரையில் உரசும், உரசினால் முடிந்தது. ஊர்க்காவலனையும் மூக்கம்மாளையும் அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை இங்கே ஆள் குறைவு. தொட்டியில் கொட்டிவிட்டு அவர்கள் திரும்பிவிடலாம்.

ஓடிப்போகலாம் என்றும் நினைத்தேன். துணிப்பையைக்கூட எடுத்தேன். திங்கட்கிழமை வருகிறவர்களை நினைத்து வைத்துவிட்டேன்.

முனியராஜ்


கூத்தலூரணி
29.9.2001, மதியம்

தம்பி,

வெள்ளைத்துரை காத்திருக்கிறார், சுருக்கமாக எழுதுகிறேன். உன் கடிதத்தைக் கோயில் முன்னால் எல்லாரிடமும் வாசித்தேன். வாசித்து முடித்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

மருந்து சூடாகும் என்பது நிஜம் என்று ஊர்க்காவலன் சொன்னான். ஆனால் இது முதலாளி சொல்லி எழுதிய கடிதமா என்று அவனுக்கும் சந்தேகம். ரெண்டு பேர் தாண்டினால் காப்பு போயிற்று, மறுநாள் வேன் வந்து நிற்கும், அதற்காகத்தான் இந்தக் கதை என்று பலர் சொன்னார்கள். மூக்கம்மாள் எழுந்தாள்.

"ஏளு பேரை நாலாக்குனவரு டீச்சர் ஒங்க தம்பி. ஒண்ணுமில்லாததச் சூடாக்க மாட்டாரா?"

என் தம்பி பொய் சொல்ல மாட்டான் என்று சொல்ல வாயெடுத்தேன். தங்கச்சியைப் புதைத்தவள் முன்னால் அந்தச் சொல் வரவில்லை. அதைவிட மோசம் ஒன்று உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன். நான் உன்னை நம்புகிறேனா என்று ஒரு நிமிடம் எனக்கே தெரியவில்லை. ஒரு பையன் ஒருமுறை வயிற்றுவலி என்று பொய் சொல்லி விடுப்பு எடுத்தால், அடுத்தமுறை அவன் நிஜமாகவே வலியால் துடித்தாலும் நாம் முதலில் அவன் முகத்தைத்தானே உற்றுப் பார்ப்போம்?

உன் முகத்தை இவர்கள் பார்க்க வேண்டும். நாளைக் காலையில் நீ கயிறுவரை வா. உள்ளே வர வேண்டாம். அந்த அறையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று முதலில் சொல். அதற்குப் பிறகு மருந்தைப் பற்றிச் சொல். எல்லாரும் பார்க்கத் திறந்த வெளியில் வந்து சொல்லச் சொல்கிறேன். அதனால் உனக்கு என்ன ஆகும் என்று தெரிந்தேதான் கேட்கிறேன்.

அக்கா


விருதுநகர்
30.9.2001, ஞாயிறு மாலை

அக்கா,

இந்தக் கடிதம் எப்போது கிடைக்கும் என்று தெரியவில்லை. நாளைக்குத் தபாலில் போட்டாலும் செவ்வாய்க்கிழமை காந்தி ஜெயந்தி, விடுமுறை.

காலையில் கயிற்றின் முன்னால் நான் பேசியதை நீ கேட்டாய். ஏழு பேர் என்றேன். பெயர்களையும் சொன்னேன். ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே, அக்கா. திட்டியிருந்தால்கூடத் தேவலை. மூக்கம்மாள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பதினாலாம் அறையைப் பற்றி நான் சொன்னது அவர்கள் காதில் விழுந்ததா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. திரும்பி நடந்தேன். முதுகைத் திருப்பி அவ்வளவு தூரம் நடப்பது எனக்கு இதுவரை இல்லாத பயமாக இருந்தது.

பாதி வழியில் முதலாளியின் கார் வந்து நின்றது. வாட்ச்மேன் எனக்கு முன்பே தகவல் சொல்லியிருக்கிறான். முதலாளி அடிக்கவில்லை, வையவில்லை. "ரெண்டு நாளு ஓய்வெடுலே" என்று சொல்லி விருதுநகருக்குக் கொண்டுவந்து, அவருடைய குடோனுக்குப் பின்னால் உள்ள வீட்டில் விட்டுவிட்டார்கள். வாசலில் ஓர் ஆள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். டீ குடிக்கப் போனால் கூடவே வருகிறான். எதிரே டீக்கடை வைத்திருக்கும் சிவபாண்டி பேச்சியின் ஊர்க்காரன். அவன்தான் இதைத் தபாலில் போடுவான். எழுதுவதானால் அவன் பெயருக்கு எழுது.

நாளை அந்த வேன்கள் வரும். அங்கே நான் இருக்க மாட்டேன். பதினாலாம் அறையை யாரும் திறக்க வேண்டாம் என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். உன்னை எச்சரிக்க முடியாது என்று தெரிந்தே எச்சரித்து எழுதிக்கொண்டிருக்கிறேன். வேறென்ன செய்வது? கூரையில் ஏதாவது சத்தம் கேட்டால்கூட அதுதானோ என்று எழுந்து நிற்கிறேன். இவ்வளவு தூரத்துக்குக் கேட்காது என்று எனக்குத் தெரியும். எழுந்து நிற்கத்தான் செய்கிறேன்.

முனியராஜ்


கூத்தலூரணி
3.10.2001

என் தம்பிக்கு,

நீ உயிரோடு இருக்கிறாய் என்று இன்று காலையில்தான் தெரிந்தது. வெள்ளைத்துரை கவரை நீட்டியபோது உன் கையெழுத்தைப் பார்த்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீ அந்த ஆபீஸுக்குள் எங்கேயோ கிடக்கிறாய் என்று இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் காதில் விழுந்தது, தம்பி. "இப்பச் சொன்னது நெசம். மொகத்தைப் பாத்தேன்" என்று நீ போனபிறகு மூக்கம்மாள்தான் முதலில் சொன்னாள். இளவட்டங்கள் காப்பை அறுத்துவிட்டுப் போகலாம் என்றார்கள். ஊர்க்காவலன் தடுத்தான். "அறுக்க வேண்டாம்லே. எல்லையை நவுத்துவோம். ஊருக்கு வெளிய தொகுப்பு வீடு கட்டுனப்போ என்ன செஞ்சோம்? அம்மனையா நவுத்துனோம்? கயித்தத்தான நவுத்துனோம்" என்றான்.

வீட்டுக்கு வீடு கயிறு வாங்கி முடிச்சுப் போட்டார்கள். ஊரில் இருந்த வேப்பமரங்கள் மொட்டையாகிவிட்டன. திங்கட்கிழமை விடிந்ததும் குடம் குடமாக மஞ்சள் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே கயிற்றைப் பிடித்து நடந்தோம். நானும் பிடித்திருந்தேன். ஆபீஸ் வேலியைச் சுற்றிக் கட்டும்போது மேனேஜர் ஓடிவந்து கத்தினார். கயிற்றில் கைவைக்க மட்டும் அவர் துணியவில்லை. வாட்ச்மேனும் துணியவில்லை.

அப்போதுதான் ஆலங்குளம் பக்கத்து வேன்கள் வந்தன. உள்ளே எல்லாம் பெண்கள். மூக்கம்மாள் கதவருகே போய், "எறங்குங்க தாயி. ஆனா இங்கன காப்புக் கட்டாம உள்ள காலு வைக்கக் கூடாது" என்றாள். ஒருத்திகூட மறுக்கவில்லை. வரிசையாக நின்று கையை நீட்டினார்கள். ஒவ்வொரு கையிலும் கட்டிக்கொண்டே ஒவ்வொருத்தியிடமும் பதினாலாம் அறையைப் பற்றிச் சொன்னோம். மேனேஜர் கத்திக்கொண்டே இருந்தார். அவர்கள் மரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

ஊர்க்காவலனும் மற்றவர்களும் இரண்டிரண்டு பேராக மற்ற அறைகளின் மருந்தைத் தூக்கிவந்து தொட்டியில் மூழ்கடித்தார்கள். யாரும் அவசரப்படவில்லை. பிரசவ வீட்டில் நடப்பது போல நடந்தார்கள். பதினாலாம் அறைக்கு ஊர்க்காவலன் தனியாகப் போய், கதவுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனான். உடனே திரும்பி வந்தான். "டீச்சர், கதவு சுடுது. எல்லாரையும் கெளப்புங்க" என்றான்.

கிணற்று மேட்டுக்குப் பின்னால் எல்லாரும் படுத்துக்கொண்டோம். மேனேஜரும் படுத்தார். சத்தமே வரவில்லை. வெடிக்காமலே போய்விடுமோ, எல்லாரும் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்களோ என்று நினைத்தேன் பார், அதே நிமிடம் பூமி என் நெஞ்சில் அறைந்தது. கூரை போயிற்று. சுவர் போயிற்று. மண்ணும் ஓடும் எங்கள் மேல் விழுந்தன. பக்கத்தில் படுத்திருந்த ஆலங்குளத்துப் பெண் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். எல்லாம் அடங்கிய பிறகும் விடவில்லை. அவள் பெயரைக் கேட்டேன். சொல்லத் தெரியாமல் விழித்தாள். நான் வாய்விட்டு அழுதேன். ஒருவரும் சாகவில்லை, தம்பி. ஒருவருக்கும் காயம்கூட இல்லை.

ஆனால் பயம் விடவில்லை. சாயங்காலம் போலீஸ் வந்து, அத்துமீறி நுழைந்ததாக ஊர்க்காவலனையும் மூக்கம்மாளையும் ஜீப்பில் ஏற்றியது. உங்கள் தலைவர் யார் என்று கேட்டதற்கு மூக்கம்மாள் அம்மன் என்று சொன்னாள். ஜீப் நகரும்போது எங்களைப் பார்த்துக் கத்தினாள்: "நான் தாண்டலை, என்னையத் தூக்கிட்டுப் போறாக. காப்பு நிக்கும், யாரும் வேன் ஏறாதீக!" ஒருவரும் ஏறவில்லை. நேற்று சண்முகவேல் வந்து கயிற்றுக்கு வெளியே நின்றுகொண்டு, உள்ளே வரலாமா என்று கேட்டார். வாங்க என்றார்கள். சங்கம் என்ற சொல்லை நம் ஊரில் நேற்றுத்தான் முதன்முதலாகச் சத்தமாகச் சொன்னார்கள். ஆலங்குளத்துப் பெண்களில் சிலரும் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஊர்க்காவலனையும் மூக்கம்மாளையும் ஜாமீனில் எடுக்கச் சண்முகவேல்தான் அலைகிறார்.

இப்போது உன் விஷயம். போர்மேன் மருந்தை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போனதால்தான் வெடித்தது என்று ஆபீஸ் தரப்பில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஆடி மாத விபத்தையும் சேர்த்து வெள்ளிக்கிழமை சூலக்கரை கலெக்டர் ஆபீஸில் விசாரிக்கிறார்களாம். நீ அங்கே போய் எது சொன்னாலும் உனக்குத்தான் ஆபத்து. நாலு என்றால் ஊர் உன்னை விடாது. ஏழு என்றால் அவர்கள் விட மாட்டார்கள். கயிற்றின் முன்னால் வந்து சொல் என்று உன்னைக் கேட்ட அதே அக்காதான் இப்போது சொல்கிறேன்: போகாதே. சிவபாண்டியைப் பிடித்து எப்படியாவது மல்லாங்கிணற்றுக்குப் போய்விடு. ஊருக்குச் சொன்னது போதும். எனக்கு ஏழும் வேண்டாம், நாலும் வேண்டாம். எனக்கு நீ வேண்டும்.

பொன்மணி


சூலக்கரை
5.10.2001

அக்கா,

உன் கடிதத்தை நேற்று சிவபாண்டி வடைப் பொட்டலத்தில் வைத்துக் கொடுத்தான். மல்லாங்கிணறு பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன் என்றும் சொன்னான். வாசலில் இருந்தவன் காலையில் குளிக்கப் போன நேரத்தில் கடையின் பின்பக்கமாக வெளியேறினேன். பஸ் நிலையத்தில் மல்லாங்கிணறு வண்டி நின்றுகொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்தேன். புறப்படுவதற்கு முன்னால் இறங்கிவிட்டேன்.

எதனால் இறங்கினேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். நீயானால் நல்ல உதாரணம் ஒன்று சொல்வாய். எனக்கு அப்படி எதுவும் வரவில்லை. ஒருவரும் சாகவில்லை என்று நீ எழுதியிருந்தாய். அந்த வரி மட்டும் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

சூலக்கரையில் நான் உள்ளே போனதும் முதலாளியின் வக்கீல் எழுந்துவிட்டார். இவன் ஓடிப்போனவன் என்றார். ஓடிப்போனவன் எதற்கய்யா இங்கே வருகிறான் என்று கேட்டுவிட்டு, அதிகாரி என்னை உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. பதினோராம் அறையில் எத்தனை பேர் என்று கேட்டார். ஏழு என்றேன். முன்பு நாலு என்று சொன்னீர்களே என்றார். ஆமாம், அது பொய் என்றேன். பெயர்களைக் கேட்டார், சொன்னேன். இருளம்மாள் பெயரிடம் வந்தபோது நிறுத்திவிட்டேன். தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து சொன்னேன். பதினாலாம் அறை மருந்தை அழிக்கலாம் என்று நான் கேட்டதையும், முதலாளி சொன்ன பதிலையும் சொன்னேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள். என் மேலும் வழக்கு வரும் என்றார்கள். வரட்டும் என்று சொல்லவில்லை. சரி என்றேன்.

வெளியே வராந்தாவில் மூக்கம்மாள் நின்றாள். நேற்று ஜாமீனில் வந்திருக்கிறாள். "சாப்பிட்டீகளா?" என்று கேட்டாள். வேறெதுவும் கேட்கவில்லை. அவளும் சண்முகவேலும் இன்னும் உள்ளே இருக்கிறார்கள், அவர்களிடமும் வாக்குமூலம் வாங்குகிறார்கள். தங்களோடு வரச் சொன்னார்கள். சாயங்காலம் ஆகும் போலிருந்தது. அந்தக் கட்டடத்துக்குள் அதுவரை என்னால் இருக்க முடியவில்லை.

இப்போது சாலையோரத்தில் பஸ்ஸுக்காக நிற்கிறேன். நம் ஊர் வழியாகப் போகும் பஸ். வெளிச்சம் இருக்கும்போதே கயிற்றுக்குள் வந்துவிடலாம் என்று கணக்கு. வந்துவிட்டால் இந்தக் கடிதம் வீண். வராவிட்டால் நான் அங்கே என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரிய வேண்டும், அதனால் எழுதுகிறேன். பேச்சியிடம் நீயே போய்ச் சொல். கடிதம் போட வேண்டாம்.

எதிரே பெட்டிக்கடையில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறான். குடோன் வாசலில் நாற்காலி போட்டிருந்தவன் இல்லை, வேறு ஆள். நான் வெளியே வந்ததிலிருந்து அங்கேதான் இருக்கிறான். இதுவரை வேறு ஊர்களுக்கு இரண்டு பஸ் போய்விட்டது, இரண்டிலும் அவன் ஏறவில்லை. பயம் போய்விட்டதா என்று நீ கேட்பாய். போகவில்லை அக்கா. கால் வழியாக ஏறிக்கொண்டிருக்கிறது.

பஸ் வருவது தெரிகிறது. பக்கத்திலேயே தபால் பெட்டி இருக்கிறது, இதைப் போட்டுவிட்டு ஏறப்போகிறேன். அவனும் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டுகிறான்.

முனியராஜ்